தெப்பக்குளம் நாலு சுற்று

குழு: நம்ம தெரு, தெப்பக்குளம், மதுரை

ஞாயிறு

காலை 7:42 – அட்மின்: தெப்பத் திருவிழா முடிந்தது, குளத்தில் தண்ணீரும் தளும்புகிறது. பொங்கலுக்குப் பேசி அப்படியே விட்டுவிட்டோமே, அந்தத் தெரு ஓட்டத்தை இன்னும் மூன்று வாரத்தில் ஒரு ஞாயிறு வைத்துவிடலாமா? நம் தெருவும் பின்தெருவும் மட்டும். குளத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர். தலைக்கு 50 ரூபாய். டி-ஷர்ட் கிடையாது.

7:44 – மாடிவீட்டு சித்தப்பா: அருமை. ஃபிளெக்ஸ் என் செலவு. சிறப்பு விருந்தினர் யார்?

7:45 – அட்மின்: விருந்தினர் வேண்டாம் சித்தப்பா.

7:45 – மாடிவீட்டு சித்தப்பா: அப்புறம் கொடி அசைப்பது யார்?

7:58 – கீழ்வீட்டு மதினி: நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஊருக்குள் ஒரு பெரிய ஓட்டத்துக்கு 500 ரூபாய் கட்டி 10 கிலோமீட்டர் ஓடினேன். கடைசி இரண்டு கிலோமீட்டரில் தண்ணீர் மேசையே இல்லை, மடக்கி எடுத்துப் போய்விட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு வந்தால் அலங்கார வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மெடல் தீர்ந்துவிட்டதாம். "ஓரமா போங்க அக்கா, கம்பி விழும்" என்றான் ஒரு பையன். எனக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். நம் தெருவில் வைப்பதானால் கடைசி ஆள் வரும் வரைக்கும் கோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் என் பெயரை எழுதாதீர்கள்.

8:02 – அட்மின்: சரி மதினி, முதல் விதி அதுதான். கடைசி ஆள் வராமல் கயிற்றை அவிழ்க்க மாட்டோம். பருத்திப்பால் அண்டாவையும் திறக்க மாட்டோம்.

8:03 – காலேஜ் தம்பி: அண்ணே, முதல் பாதி சரி. இரண்டாவது பாதி கொடுமை.

8:10 – பி.டி. சார்: நல்ல காரியம். பாதை அளப்பது என் பொறுப்பு. குளம் இடது கைப்பக்கம் இருக்கும்படி ஓடுவோம். மைதானத்தில் அப்படித்தான், உள்வட்டம் எப்போதும் இடது கைக்கு.

8:31 – அப்பத்தா (பேத்தி தட்டுகிறேன்): குளத்தை இடமாகச் சுற்றுவீர்களா? மாரியம்மன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடப்பதோ ஓடுவதோ, வலமாகச் சுற்றுங்கள்.

8:33 – பி.டி. சார்: அம்மா, இது விளையாட்டு விதி.

8:40 – சைக்கிள் கடை அண்ணன்: சார், அப்பத்தா சொல்வதுதான் வண்டிக்கும் சரி. வலமாகப் போனால் குளத்துச் சுவர் வலது கைக்கு வரும். சுவரை ஒட்டி வருகிற பஸ்ஸும் ஆட்டோவும் நமக்கு எதிரே வரும், கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். இடமாகப் போனால் எல்லாம் முதுகுக்குப் பின்னால். ஹாரன் அடித்த பிறகுதான் தெரியும்.

8:46 – பி.டி. சார்: நியாயம். 35 வருட வாத்தியார் வேலையில் இதை யோசித்ததில்லை. வலம்.

8:47 – அப்பத்தா (பேத்தி): சிரிக்கிறார்.

9:15 – மாடிவீட்டு சித்தப்பா: நேற்று என் வாட்சில் நாலு சுற்றுக்கு 5.3 காட்டியதே?

9:16 – காலேஜ் தம்பி: எனக்கு 5.1.

9:24 – பி.டி. சார்: வாட்ச் செயற்கைக்கோளிடம் வாங்கும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கிறது. மரத்தடியில் புள்ளி தள்ளி விழும். தவிர, மூலையில் அகலமாகத் திரும்பினால் நீங்கள் ஓடிய தூரம்தான் கூடும், பாதையின் தூரம் கூடாது. திருமலை நாயக்கர் வெட்டிய குளம், 1000 அடிக்கு 950 அடி என்பார்கள். நாலு பக்கமும் சேர்த்தால் 3,900 அடி, அதாவது 1,190 மீட்டர் போல. நாம் ஓடுவது அதற்கு வெளியே, சாலையில். ஆகவே சைக்கிளில் அளக்க வேண்டும்.

9:25 – மாடிவீட்டு சித்தப்பா: சைக்கிளிலா? இந்தக் காலத்திலா?

9:26 – பி.டி. சார்: ஒலிம்பிக் மாரத்தானையே சைக்கிளில்தான் அளக்கிறார்கள்.

புதன்

இரவு 8:05 – மாடிவீட்டு சித்தப்பா: நாளை தண்ணி லாரி உண்டா?

8:06 – நர்ஸ் அக்கா: காலை 6 மணிக்கு என்றார்கள்.

8:20 – லண்டன் தம்பி: எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சனிக்கிழமைதோறும் பார்க்ரன் என்று ஒன்று நடக்கும். 5 கிலோமீட்டர், கட்டணமே இல்லை, எல்லாம் தன்னார்வலர்கள். 2004 அக்டோபரில் புஷி பார்க்கில் 13 பேரை வைத்துத் தொடங்கினார் பால் சிண்டன்-ஹியூவிட். அப்போது அவரே காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். அங்கே கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவார், அதற்கென்றே நியமித்த ஆள். அதனால் வேறு யாருமே கடைசி ஆக முடியாது. மதினி கேட்டது இதுதான்.

8:24 – கீழ்வீட்டு மதினி: அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். பழக்கமான இடம்தான்.

8:27 – லண்டன் தம்பி: இன்னொன்று. நேரம் குறிக்க மெஷின் வேண்டாம். ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டும்போது ஒருவர் போன் ஸ்டாப்வாட்சில் லேப் பொத்தானை அழுத்துவார். தாண்டியதும் இரண்டு கயிற்றுக்கு நடுவே ஒற்றை வரிசை, அங்கே இன்னொருவர் வரிசை எண் போட்ட வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார். மேசையில் வில்லையைக் காட்டிப் பெயர் சொன்னால் முடிந்தது. 7-ம் வில்லைக்கு 7-வது லேப் நேரம். ஆரம்ப நாட்களில் இரும்புக்கடை வாஷரைத்தான் வில்லையாக வைத்துக்கொண்டார்களாம்.

8:29 – சைக்கிள் கடை அண்ணன்: வாஷரா? ஒரு டப்பா கிடக்கிறது. பெயின்டில் எண் எழுதிவிடுகிறேன்.

8:35 – காலேஜ் தம்பி: எத்தனை சுற்று முடித்தோம் என்பதை யார் எண்ணுவது? எனக்கு மூன்றுக்கு மேல் மூளை ஓடாது.

8:38 – அட்மின்: மேற்கு மூலையில் ஒருவர் நிற்பார். தாண்டும்போதெல்லாம் ஒரு ரப்பர் பேண்ட். கையில் நாலு இருந்தால்தான் கயிற்றுச் சந்துக்குள் நுழையலாம்.

8:40 – மாடிவீட்டு சித்தப்பா: வீட்டிலிருந்து நாலு போட்டுக்கொண்டு வந்தால்?

8:40 – அட்மின்: சித்தப்பா!

ஞாயிறு

காலை 8:50 – பி.டி. சார்: அளந்தாயிற்று. விவரமாகச் சொல்கிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாது. விடியும் முன்பே நானும் சைக்கிள் கடைக்காரரும் போனோம். நேரான ரோட்டில் பள்ளிக்கூடத்து 100 மீட்டர் டேப்பை மூன்று தடவை போட்டு 300 மீட்டர் குறித்தோம். முன்சக்கரத்து வால்வு தரையைப் பார்க்கும்படி வைத்து அவர் ஏறி ஓட்டினார். தள்ளிக்கொண்டு போகக் கூடாது. ஆள் எடையில் டயர் அமுங்கும், சுற்றளவு மாறும். நாலு தடவையும் சக்கரம் 145 சுற்று வந்தது. அந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்கும் கூடுதலாக 5 மீட்டருக்கும் சேர்த்து 2,419 சுற்று. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதாவது 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளாக, மிகக் குறுகிய வழியிலேயே அவர் ஓட்ட, நான் மொபெட்டில் பின்னால் வந்து எண்ணினேன். முடித்துவிட்டு மறுபடி 300 மீட்டரில் ஓட்டிச் சரிபார்த்தோம். வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியும், சுற்றளவு கூடிவிடும். குளத்தின் நாலு சுற்றும் 5 கிலோமீட்டரும் ஒட்டவில்லை. ஆகவே தொடக்கக் கோடு ஓரிடம், முடிவுக் கோடு வேறிடம். இரண்டு இடத்திலும் ரோட்டோரம் சோடா மூடி வைத்து ஆணி அடித்திருக்கிறோம். யாரும் பிடுங்க வேண்டாம்.

8:53 – மாடிவீட்டு சித்தப்பா: அந்த 5 மீட்டர் எதற்கு?

8:55 – பி.டி. சார்: பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டி வைப்பது முறை. ஒரு மீட்டர் குறைந்தாலும் நீங்கள் ஓடியது 5 கிலோமீட்டர் இல்லை. கூடினால் யாருக்கு நஷ்டம்?

8:55 – மாடிவீட்டு சித்தப்பா: எனக்கு.

9:30 – அட்மின்: காவல் நிலையத்தில் மனு கொடுத்தாயிற்று. ரோட்டை மறிப்பதில்லை, ஒலிபெருக்கி இல்லை, 6:30 முதல் 7:45 வரை ஓரமாக ஓடுவோம் என்று எழுதியிருக்கிறேன். மூலைக்கு ஒருவர் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும். நாலு பேர் பெயர் கொடுங்கள்.

9:34 – சைக்கிள் கடை அண்ணன்: நெஞ்சில் குத்தும் எண்ணுக்குச் சித்தப்பாவின் பழைய ஃபிளெக்ஸ் போதும். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, சதுரமாக வெட்டி மார்க்கரில் எழுதலாம். காகிதம் வியர்வையில் கிழிந்துவிடும். ஆளுக்கு நாலு ஊக்கு.

9:35 – மாடிவீட்டு சித்தப்பா: அதில் என் படம் இருக்கிறது!

9:36 – சைக்கிள் கடை அண்ணன்: உள்பக்கம்தான் சித்தப்பா. எல்லோர் நெஞ்சிலும் இருப்பீர்கள்.

வெள்ளி

இரவு 9:12 – நர்ஸ் அக்கா: எல்லோரும் படியுங்கள். இதயத்தில் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓட வேண்டாம், நடந்து வாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது, பையில் மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சை அழுத்தினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி இறங்கினாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிடுங்கள். 108 கூப்பிடுவது என் வேலை. ஓ.ஆர்.எஸ். நான் கலக்குகிறேன், வேறு யாரும் தொட வேண்டாம். ஒரு பாக்கெட் 20.5 கிராம், முழுதாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. போன தடவை கோயில் நடையில் யாரோ ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட் கொட்டிக் கொடுத்தார்கள், கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

9:14 – காலேஜ் தம்பி: அக்கா, ஓடுவதற்கு முன் இரண்டு செம்பு குடித்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

9:17 – நர்ஸ் அக்கா: இல்லை. 5 கிலோமீட்டருக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். பயத்தில் செம்பு செம்பாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். நாளை மாலை எங்கள் மாடியில் தலையணையை வைத்து நெஞ்சு அழுத்துவது எப்படி என்று காட்டுகிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். மூலையில் நிற்கிற நாலு பேரும் கட்டாயம் வர வேண்டும்.

ஞாயிறு

காலை 5:20 – அட்மின்: எழுந்தாயிற்றா?

5:21 – காலேஜ் தம்பி: தூங்கவே இல்லை.

5:50 – அட்மின்: நாய்களுக்கு பிஸ்கட் போட்டு உள்தெருவுக்கு அழைத்துப் போயிருக்கிறார் அப்பத்தா. கொடியும் அவர்தான் அசைக்கிறார். சித்தப்பா, கோபிக்க வேண்டாம்.

8:10 – அட்மின்: எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தது மதினி, பின்தெரு தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு. கயிறு இருந்தது. அண்டா மூடியே இருந்தது, சாட்சி உண்டு.

10:40 – அட்மின்: முடிவுப் பட்டியல் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

10:44 – மாடிவீட்டு சித்தப்பா: என் வாஷர் 12. பட்டியலில் 29:40 என்கிறது. நான் கோட்டைத் தாண்டும்போது பி.டி. சார் போனைப் பார்த்தேன், 29:05. அரை நிமிடம் எங்கே போனது?

10:46 – காலேஜ் தம்பி: எனக்குச் சரியாக இருக்கிறது. வாஷர் 4.

10:49 – நர்ஸ் அக்கா: என் பையன் வாஷர் 20. அவனும் கூடப் போட்டிருக்கிறது என்கிறான்.

10:58 – கீழ்வீட்டு மதினி: என் வாஷர் 42. எனக்கு நேரமே இல்லை. கட்டம் காலி. இங்கேயும் எனக்கு மட்டும்தானா?

11:05 – பி.டி. சார்: ஒரு நிமிடம். நான் அழுத்தியது 41 தடவை. ஓடியவர்கள் 41 பேர், மதினியையும் சேர்த்து. வாஷர் போனது 42. எங்கோ ஒரு வாஷர் அதிகம் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தவரின் நேரம் விழுந்திருக்கிறது.

11:07 – அட்மின்: மேசைக்கு 7-ம் வாஷர் வரவே இல்லை. 6 வந்தது, அடுத்து 8 வந்தது. யாரோ பெயர் சொல்ல மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

11:15 – அப்பத்தா (பேத்தி): வாஷர் கொடுத்தது நான்தான். வெள்ளை வேட்டி கட்டிய தாத்தா ஒருவர் கயிற்றுக்குள் நடந்து வந்தார். நெஞ்சில் எண் இல்லை. கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

11:16 – சைக்கிள் கடை அண்ணன்: அவரா! தினமும் குளத்தைச் சுற்றுகிறவர். கயிற்றை அவர் நடக்கிற வழியிலேயே கட்டிவிட்டோம். பிரசாதம் என்று நினைத்திருப்பார்.

11:17 – மாடிவீட்டு சித்தப்பா: ரப்பர் பேண்ட் நாலு இருந்ததா என்று பார்க்கவில்லையா?

11:30 – பி.டி. சார்: 8 முதல் எல்லோருக்கும் ஒரு வரி மேலே ஏற்றிவிட்டேன். சித்தப்பா 29:06. மதினி 1:02:18, பின்தெரு ஐயா 1:02:15.

11:32 – கீழ்வீட்டு மதினி: இந்தப் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

திங்கள்

காலை 6:55 – சைக்கிள் கடை அண்ணன்: இப்போதுதான் குளத்தில் அவரைப் பார்த்து வாஷரைக் கேட்டேன். தரமாட்டேன் என்கிறார். ஏழாவதாக வந்தேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம்.

6:58 – மாடிவீட்டு சித்தப்பா: நான்கூட பதினொன்றுதான்!

7:01 – பி.டி. சார்: விடுங்கள். புது 7 ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

7:02 – சைக்கிள் கடை அண்ணன்: எழுதிவிட்டேன். வாஷர் 2 ரூபாய், சித்தப்பா கணக்கில் போட்டிருக்கிறேன்.