ஏற்பு மறுப்பு: கட்சி விளம்பரத்தைச் சேனல் வாங்காதபோது எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் தேர்தல்–ஊடகச் சொல்தொகுப்பில் ஒரு வரி இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. ஒரு கட்சியின் விளம்பரத்தை ஒரு தொலைக்காட்சி தானாகவே "போட மாட்டோம்" என்று சொல்வதற்கு என்ன பெயர்? இதுவரை விளம்பரத் தடை, விளம்பரத் தணிக்கை, நிலைய மறுப்பு, அலைமறுப்பு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக "ஏற்பு மறுப்பு" என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

> "தடை என்றாலே போதுமே. பாமரனுக்கும் புரியும்."

புரியும் ஐயா, ஆனால் நடக்காத ஒன்று நடந்ததாகப் புரியும். தடை போட அதிகாரம் வேண்டும். அரசு போடலாம், நீதிமன்றம் போடலாம், தேர்தல் ஆணையம் போடலாம். கடை வைத்திருப்பவர் ஒரு சரக்கை வாங்கி விற்க மறுத்தால் அதைத் தடை என்று யாரும் சொல்வதில்லை. கட்சிகளுக்கோ "எங்கள் விளம்பரத்துக்குத் தடை" என்று முழங்குவது லாபம். சேனல்களுக்கும் "விதி இடம் கொடுக்கவில்லை" என்று ஒதுங்கிக்கொள்வது லாபம். இந்த இரண்டு லாபத்துக்கும் நடுவில், முடிவை எடுத்தது யார் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாமலே போகிறது. நம் சொல் அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஒரே வாதம்.

பெங்களூருவில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருப்பவள் என்பதால், இங்கே நடப்பதை வைத்தே சொல்கிறேன். ஒரு கட்சி விளம்பரம் திரைக்கு வராமல் போக மூன்று வேறு வேறு காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியதால்தான் இந்த விவாதம் இத்தனை நாளாக இழுக்கிறது.

முதலாவது, சட்டமே கூடாது என்பது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7(3) என்ற விதி, முழுமையாகவோ பெரும்பாலுமோ மதம் அல்லது அரசியல் சார்ந்த நோக்கமுள்ள விளம்பரத்தை அனுமதிக்கக் கூடாது என்றது. அந்தக் காலத்தில் ஒரு சேனல் கட்சி விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது சேனலின் விருப்பம் அல்ல, விதியின் கட்டளை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் இப்படித்தான். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் தேர்தல் பிரசாரத்தைக் காட்டக் கூடாது என்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19இல் வாக்களித்தது, பெங்களூரு 26இல். சென்னையிலிருந்து வரும் சேனலைத்தான் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் பார்க்கிறார்கள். ஏப்ரல் 18 அன்று பெங்களூரு வேட்பாளர் ஒருவரின் தமிழ் விளம்பரத்தைச் சென்னைச் சேனல் தொட முடியாது. அதற்குச் "சட்டத்தடை" என்று தாராளமாகச் சொல்லலாம். தடை என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான்.

இரண்டாவது, சான்று கிடைக்காமல் போவது. 7(3) விதியை ஆந்திர உயர் நீதிமன்றம் 2004 மார்ச்சில் நிறுத்திவைத்தது. ஜெமினி டிவி வழக்கு என்று பெயர். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 13 அன்று அது ஓர் உத்தரவு போட்டது: அரசியல் விளம்பரத்தைப் போடலாம், ஆனால் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். இரண்டே நாளில், ஏப்ரல் 15 அன்று, தேர்தல் ஆணையம் நடைமுறையை வெளியிட்டது. இன்றும் அதுதான் அடிப்படை. பதிவுபெற்ற தேசிய, மாநிலக் கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் ஏழு நாள் முன்னதாக. விளம்பரத்தின் இரண்டு படிகள், அதில் பேசப்படுவதன் எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு எல்லாம் இணைக்க வேண்டும். ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு பார்த்துச் சான்று தரும், அல்லது மாற்றச் சொல்லும். 2024 ஏப்ரலில் ஆம் ஆத்மி கட்சியின் பிரசாரப் பாடலை டெல்லித் தேர்தல் அலுவலகம் திருத்திக் கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கும். அன்றைக்குக் கட்சி "தடை" என்றது, அலுவலகம் "தடை இல்லை, திருத்தம்தான்" என்றது. நம்மிடம் "சான்று மறுப்பு" என்றும் "சான்றுக்கான திருத்தம்" என்றும் தனித்தனிச் சொற்கள் புழக்கத்தில் இருந்திருந்தால், தமிழ்ச் செய்தி படித்தவர்களுக்காவது என்ன நடந்தது என்று ஒரு வரியில் தெரிந்திருக்கும்.

மூன்றாவதுதான் நாம் பெயர் தேடுவது. சட்டம் தடுக்கவில்லை. சான்று கையில் இருக்கிறது. விளம்பரத்தைப் போடச் சொல்லி முகமை அனுப்பும் ரிலீஸ் ஆர்டரும் (ஆர்.ஓ.) அனுப்பியாகிவிட்டது. இருந்தும் சேனல் வேண்டாம் என்கிறது. பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது: சான்று என்பது "போடலாம்" என்ற அனுமதி, "போட்டே ஆகவேண்டும்" என்ற ஆணை அல்ல. தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு 1998 முதல் இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. அது வேறு ஏற்பாடு. தனியார் சேனல் கட்சிக்காரர் நீட்டும் காசை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நம் ஊரில் நிலைமை இல்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு நிலைமை உண்டு. அதனால்தான் நம் சொல் அந்த ஊர்ச் செய்தியையும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவுப்படி, தகுதிபெற்ற வேட்பாளரின் விளம்பரத்தில் ஒளிபரப்பு நிலையம் கைவைக்க முடியாது. பொய்யே இருந்தாலும் வெட்ட முடியாது. வெட்ட அதிகாரம் இல்லாதவரை அவதூறுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று 1959இல் அவர்கள் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. மத்தியப் பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு நியாயமான அளவு நேரம் விற்கவும் வேண்டும். இதைக் "கட்டாய ஏற்பு" என்று சொல்லலாம். ஆனால் இந்தக் கட்டாயம் வேட்பாளருக்கு மட்டும்தான். போருக்கு எதிரான குழுவோ, கட்சியின் தேசியக் குழுவோ கருத்து விளம்பரம் கொண்டுவந்தால் வாங்கத் தேவையில்லை என்று 1973இல் தீர்ப்பானது. வியட்நாம் போரை எதிர்த்த தொழிலதிபர்கள் குழு ஒன்றுக்கு வாஷிங்டன் வானொலி நிலையம் நேரம் விற்க மறுத்ததில் தொடங்கிய வழக்கு அது. சிஎன்என் போன்ற கேபிள் சேனல்களையும் அந்தக் கட்டாயம் கட்டுப்படுத்தாது. 2019 அக்டோபரில் பைடனைக் குறிவைத்து டிரம்ப் தரப்பு கொடுத்த விளம்பரத்தை சிஎன்என் திருப்பி அனுப்ப முடிந்தது அதனால்தான்.

பிரிட்டனில் கதை தலைகீழ். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போடுவதையே சட்டம் கூடாது என்கிறது. விலங்குகளுக்காகப் பேசும் ஓர் அமைப்பின் விளம்பரம்கூட 2005இல் அரசியல் என்று சொல்லித் திருப்பப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தை 9க்கு 8 என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. இங்கே திருப்பிய கையைப் பார்த்தால் விளம்பரங்களைச் சரிபார்க்கும் அமைப்பின் கை, ஆனால் முடிவு சட்டத்துடையது. ஆகவே சட்டத்தடை.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

"விளம்பரத் தணிக்கை" வேண்டாம். தணிக்கை என்றால் ஒரு பாதிப் பேருக்குக் கணக்குத் தணிக்கைதான் நினைவுக்கு வரும். விளம்பரத் தணிக்கை என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னால், சொன்ன நேரத்தில் ஸ்பாட் ஓடியதா என்று சரிபார்ப்பது என்றே எடுத்துக்கொள்வார்கள். சினிமாத் தணிக்கை என்று எடுத்துக்கொண்டாலும் அது அரசு அமைப்பின் வேலை. இரண்டு வழியிலும் சேனல் தப்பிவிடுகிறது.

"நிலைய மறுப்பு" என்பதில் உள்ள சிக்கலைத் தலைப்பாகப் போட்டுப் பார்த்தால் தெரியும்: "கட்சி விளம்பரம்: மூன்று சேனல்கள் மறுப்பு." ஏதோ குற்றச்சாட்டு எழுந்தது, சேனல்கள் "இல்லவே இல்லை" என்றன என்றுதான் நான் வாசிப்பேன். தமிழ் நாளிதழ் நடையில் ஆளையோ அமைப்பையோ அடுத்து "மறுப்பு" வந்தால் அது மறுத்துரைத்தல். அமைச்சர் மறுப்பு, நிறுவனம் மறுப்பு. ஆனால் மறுக்கப்பட்ட பொருள் முன்னால் வந்தால் குழப்பமே இல்லை. ஜாமீன் மறுப்பு, அனுமதி மறுப்பு, விசா மறுப்பு. யாரும் தடுமாறியதில்லை. "ஏற்பு மறுப்பு" இந்த இரண்டாவது வரிசையில் வந்து உட்காருகிறது.

> "ஏற்பும் மறுப்பும் எதிர்ச்சொற்கள் ஆயிற்றே. பக்கத்தில் வைத்தால் காது இடறுகிறதே அக்கா."

முதல் தடவை இடறும் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேட்புமனு ஏற்பு, பதவி ஏற்பு என்று ஏற்பு தேர்தல் பேச்சில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். சேனலுக்கும் முகமைக்கும் நடுவில் நடக்கும் பேச்சும் அதே வினைதான். "ஆர்.ஓ. வாங்க மாட்டேங்கிறாங்க" என்று நாங்கள் சொல்கிறோம். பக்கத்து மேசையில் கன்னடக்காரர் "தகொள்ளல்ல" என்கிறார். வாங்கிக்கொள்வதும் ஏற்பதும் ஒன்றே. அப்புறம், "கட்டாய ஏற்பு", "ஏற்பு மறுப்பு" என்று இரண்டு முனைகளும் ஒரே சொல்லில் பிறக்கின்றன. ஒரு முனை இருக்கும் நாடு, மற்றது இருக்கும் நாடு என்று எழுதும்போது வாசிப்பவருக்கு உடனே பிடிபடும்.

சான்று மறுப்பு என்றால் சான்று தரும் குழு. ஏற்பு மறுப்பு என்றால் விளம்பரத்தை வாங்கும் இடத்தில் இருப்பவர். "நிலையம்" என்ற சொல்லைச் சேர்க்காமலே யார் என்பது வந்துவிடுகிறது. சேர்த்தால் நஷ்டமும் உண்டு. 2019 நவம்பரில் ட்விட்டர் உலகம் முழுக்க அரசியல் விளம்பரங்களை நிறுத்தியது. சட்டம் சொல்லவில்லை, அதுவாக எடுத்த முடிவு. அது நிலையமா? "அலைமறுப்பு" அழகான சொல், சொன்னவரின் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இணையத்தில் அலை எங்கே? ஏற்பு மறுப்பு அங்கேயும் செல்லும், நாளிதழுக்கும் செல்லும்.

"நிராகரிப்பு" பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. வேட்புமனு நிராகரிப்பு என்று தேர்தல் அதிகாரியின் கையோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதிகாரி பேசும் குரல் அதில் கேட்கிறது. தள்ளுபடி என்பதோ விளம்பரத்தோடு சேர்ந்தால் விலைக்குறைப்பு ஆகிவிடும்.

இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். வாங்கிவிட்டு, ஓட்டிவிட்டு, பிறகு இறக்குவது. 2018 நவம்பரில் குடியேறிகளைப் பற்றிய டிரம்ப் தரப்பு விளம்பரத்தை சிஎன்என் தொடக்கத்திலேயே மறுத்தது. என்பிசி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கால்பந்து ஆட்டத்தின் நடுவே ஓட்டிவிட்டு மறுநாள் எடுத்தது. ஃபாக்ஸ் நியூஸும் எடுத்தது. (அந்த ஆண்டுத் தேர்தலில் டிரம்ப் வேட்பாளர் அல்ல என்பதால் மேலே சொன்ன கட்டாயம் பொருந்தவில்லை.) சிஎன்என் செய்தது ஏற்பு மறுப்பு. மற்ற இரண்டும் செய்ததை "ஏற்பு விலக்கல்" என்று பிரிக்கலாம் என்பது என் யோசனை. இந்த வேறுபாடு முக்கியம். முதலில் மறுத்தவர் பார்த்து முடிவெடுத்தார். பிறகு எடுத்தவர் காசு வாங்கினார், ஓட்டினார், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியக் கூடாது.

சட்டத்தடை, சான்று மறுப்பு, ஏற்பு மறுப்பு, ஏற்பு விலக்கல் என்ற நான்கிலும் அடங்காத ஒரு நிகழ்வு இருக்கிறது, அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். 2024 மே மாதம் தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் கட்சிகளுக்கான இலவச நேரத்தில் பேசவிருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி, ஃபார்வர்ட் பிளாக் கட்சியின் ஜி. தேவராஜன் ஆகியோரின் உரைகளில் சில சொற்களை எடுக்கச் சொன்னார்கள். உரை மறுக்கப்படவில்லை, நேரமும் கொடுக்கப்பட்டது. சொற்கள் மட்டும் போயின. செய்தது ஒளிபரப்பு நிறுவனம், ஆனால் அது அரசு நிதியில் நடக்கும் பொது நிறுவனம், நேரத்தை ஒதுக்கும் ஏற்பாடு தேர்தல் ஆணையத்தின் கீழ் வருகிறது. "சொல்நீக்கம்" என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன், ஆனால் அதில் யாருடைய கை என்பது தெரியவில்லை. இதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். மற்ற நான்கையும், ஆட்சேபம் இல்லாவிட்டால், தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.