டோவர் நகரக் காவல் சின்னம் அசல்தானா?

இளங்கோவன்:
இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின் சிறு நகரக் காவல்படைகளின் பழைய தலைக்கவசச் சின்னங்களைச் சேகரித்து வருகிறேன். 1930களைச் சேர்ந்தது என்று சொல்லி ‘டோவர் பரோ போலீஸ்’ (டோவர் நகரக் காவல்படை) சின்னம் ஒன்று விலைக்கு வந்துள்ளது. மேலே உள்ள கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்குகின்றன. வாங்கலாமா?

மங்கையர்க்கரசி:
வாங்க வேண்டாம், ஐயா. நடுவில் பள்ளம் விழுந்த வளைவுகள், பிரிட்டிஷ் முடிசூட்டுக் கிரீடமான புனித எட்வர்டின் கிரீடத்துக்கு உரியவை. இரண்டாம் எலிசபெத் 1952இல் அரியணை ஏறிய பின்னரே காவல் சின்னங்களில் அது பரவலாக இடம்பெற்றது. டோவர், மார்கேட், ஃபோக்ஸ்டன் முதலிய நகரங்களின் தனிப் படைகளோ போர்க்காலத்தில், 1943லேயே, கென்ட் மாவட்டப் படையுடன் இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே, இல்லாத படைக்குப் பிற்காலத்தில் வார்த்த சின்னமாகவே இதைக் கருத வேண்டியிருக்கிறது. 1930களின் சின்னத்தில் கிரீடம் இருந்தால், அதன் வளைவுகள் மேல்நோக்கி உருண்டிருக்கும்.

சேதுராமன்:
அம்மா சொல்வது சரி. கிரீடமே இல்லாமல் நகர முத்திரை மட்டும் உள்ள சின்னங்களும் உண்டு என்பதால், பின்புறத்தையும் பாருங்கள். பல்லாண்டு அணிந்ததில் முன்புறத்து மேடான எழுத்துகள் மழுங்கியிருக்க, பின்னால் பற்றவைத்த வளையங்கள் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் சந்தேகப்பட வேண்டும். வாங்கிய எதையும் தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். காலம் படியவைத்த கருமை போனால் சான்றும் போய்விடும்.

இளங்கோவன்:
மிக்க நன்றி. விற்பவரிடம் பின்புறப் படம் கேட்காமலே மறுத்துவிடுகிறேன்.