பெண்ணியத் தத்துவத்தில் ஆய்வு செய்கிறேன், பேச ஆளில்லை. எங்கே தேடுவது?

நிலாமதி எழுதியது:

வணக்கம். எனக்குத் திருச்சிப் பக்கம், லால்குடி. சென்னையில் தத்துவம் எம்.ஏ. முடித்துவிட்டு, போன செப்டம்பரில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். தத்துவ ஆசிரியை மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் எழுதிய ஒரு விஷயத்தைத்தான் எடுத்திருக்கிறேன். கேட்பவர் மனதில் இருக்கும் தப்பெண்ணத்தால், சொல்பவரின் சொல்லுக்கு உரிய நம்பிக்கை கிடைக்காமல் போவது. அவர் அதைச் சாட்சிய அநீதி என்கிறார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் சொல்வது எப்படிக் கேட்கப்படுகிறது என்பதிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய துறை மொழித் தத்துவம். பெண்ணியத் தத்துவம் என்று வந்தால், "நீதான் எனக்குச் சொல்லித் தரவேண்டும்" என்கிறார். வியாழக்கிழமை செமினாரில் பதினான்கு பேர், அதில் பெண்கள் மூன்று. போன வாரம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "சுவாரசியம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். சிறிது நேரம் கழித்து அதே கேள்வியை வேறு சொற்களில் ஒரு பையன் கேட்டான். பேச்சாளர் எழுந்து நின்று பத்து நிமிடம் பதில் சொன்னார். அன்றைக்கு அறைக்கு வந்து ரசம் வைத்தேன். சாப்பிடத் தோன்றவில்லை, அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இந்தத் துறைப் பெண்களுக்கு என்று அமைப்புகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். முதல் வருட மாணவியைச் சேர்த்துக்கொள்வார்களா? லால்குடிப் பஞ்சாயத்தை உதாரணம் காட்டினால் தத்துவம் என்று ஒப்புக்கொள்வார்களா? 'பெண்ணியம்' என்று போட்டால் பின்னால் வேலை கிடைப்பது கடினம் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். கையில் பணமும் அதிகம் இல்லை.

சுதாகர் எழுதியது:

வணக்கம் நிலாமதி. நான் ஸ்காட்லாந்தில் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையில் 'மேப்' (MAP) என்ற அமைப்பின் கிளை இருக்கிறது. தத்துவத்தில் சிறுபான்மையாக இருப்பவர்களுக்காக 2013-இல் அமெரிக்க ஆய்வு மாணவர்கள் தொடங்கியது. பிரிட்டனிலும் பல துறைகளில் கிளைகள் உண்டு, நடத்துவது எல்லாமே மாணவர்கள்தான். உங்கள் துறையில் இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம், செமினாருக்கு வரும் மற்ற இரண்டு பெண்களையும் கேட்டுப் பாருங்கள். படிக்க ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இருக்கிறது, முழுக்க இலவசம். பெண்ணியத் தத்துவத்துக்கு மட்டும் அதில் பல கட்டுரைகள்.

கோமதி எழுதியது:

நிலாமதி, அந்த மூடி வைத்த ரசத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. முதல் வேலையாக, நீங்கள் கேட்ட கேள்வியைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து நிமிடம் பதில் சொல்லும் அளவுக்கு அதில் விஷயம் இருந்தது என்பதற்கு அந்தப் பேச்சாளரே சாட்சி. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் அங்கிருந்தே தொடங்கலாம்.

நான் 2011-இல் பிரிட்டனுக்குப் படிக்க வந்தேன். அந்த வருடம்தான் ஹெலன் பீபியும் ஜெனிஃபர் சாலும் பிரிட்டன் தத்துவத் துறைகளில் பெண்களின் நிலை பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். இளங்கலையில் பெண்கள் 46 விழுக்காடு, பிஎச்.டி.யில் 31, நிரந்தர ஆசிரியர்களில் 24. மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். குறை என்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வழி நெடுக எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அந்தச் சீட்டுதான் தினமும் சொன்னது.

சரி, அமைப்புகளுக்கு வருகிறேன். நீங்கள் முதலில் சேர வேண்டியது ஸ்விப், அதாவது தத்துவத்தில் பெண்களுக்கான சங்கம். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கியது. பெரிய மாநாட்டில்தான் வேலைக்கு நேர்முகம் நடக்கும், அதுவும் ஹோட்டல் அறைகளில் நடக்கும் என்ற காலம் அது. அங்கே போய் நிற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. பிரிட்டன் கிளை 1989-இலிருந்து இருக்கிறது. மாணவிகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள், முதல் வருடம் என்று தயங்காதீர்கள்.

எனக்கு ஸ்விப் என்றால் ஒரு தாள்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டாம் வருடம் ஒருநாள் பட்டறைக்கு என் பேப்பரை அனுப்பியிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்த வயதான பேராசிரியை ஒருவர், அதைப் பிரின்ட் எடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் "இப்படியும் வாதிடலாமோ என்று தோன்றுகிறது" என்று எழுதியிருந்தேன். அந்தத் 'தோன்றுகிறது' மேல் ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், "உன் வாதம்தானே?" மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் புரட்டினார். அதுவரை என் எழுத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை. மடிப்புக் கிழிந்துபோன அந்தத் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சங்கத்தில் சேருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். உங்கள் டிராஃப்டைப் படிக்க ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும்.

செமினார் விஷயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் தத்துவச் சங்கமும் ஸ்விப்பும் சேர்ந்து 2014-இல் துறைகளுக்கான நல்நடைமுறைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. செமினாரை எப்படி நடத்துவது, மாநாட்டுக்கு யாரை அழைப்பது, குழந்தை உள்ளவர்களுக்கு என்ன வசதி, பாலியல் தொல்லை வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் உண்டு. உங்கள் துறை அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். நல்ல மனிதர் என்கிறீர்கள், இதை அவரையே எடுத்துப் பேசச் சொல்லலாம். எங்கள் துறையில் பேச்சு முடிந்ததும் ஐந்து நிமிட இடைவேளை, பிறகு முதல் கேள்விகள் மாணவர்களுக்கு என்று ஆக்கினார்கள். அவ்வளவு சின்ன மாற்றத்தில் அறையின் சத்தமே மாறிப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

மேரி மிட்ஜ்லி, எலிசபெத் ஆன்ஸ்கோம், ஃபிலிப்பா ஃபுட், ஐரிஸ் மர்டாக் என்ற தத்துவ அறிஞர்கள் நால்வரும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாகப் படித்தவர்கள். அது இரண்டாம் உலகப்போர்க் காலம், ஆண்களில் பாதிப்பேர் ராணுவத்தில். அறையில் கூச்சல் குறைந்திருந்ததால்தான் எங்கள் குரல் கேட்டது என்கிற பொருளில் மிட்ஜ்லி தொண்ணூறு வயதைத் தாண்டியபின் எழுதினார். அதைப் படித்த அன்று எனக்கு நம் மணிமேகலைதான் நினைவுக்கு வந்தாள். வஞ்சியில் சமயவாதிகளிடம் பொருள் கேட்கப் போகிறவளுக்கு, இளம்பெண் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள், வேறு உருவம் எடுத்துப் போ என்றுதானே அறிவுரை கிடைக்கிறது? தவசி வேடம் போட்டுத்தான் அத்தனை தத்துவத்தையும் கேட்கிறாள். உங்கள் சாட்சிய அநீதிக்கு அதைவிடப் பழைய, அழகான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கட்டாயம் எழுதுங்கள்.

லால்குடியைப் பற்றிய பயமே வேண்டாம். பெண்ணியத் தத்துவ ஆசிரியை உமா நாராயண் 1997-இல் வெளியிட்ட புத்தகத்தை எடுங்கள். மேற்கிலிருந்து கற்றுவந்த பெண்ணியம் என்று தன்னைச் சொல்பவர்களுக்கு, தன் அம்மா கூட்டுக்குடும்பத்தில் பட்டதைப் பார்த்துத்தான் முதலில் கற்றேன் என்று அதில் பதில் சொல்கிறார். மீனா தாண்டா வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பிரிட்டனில் சாதி பற்றிய 2014 அறிக்கைகளுக்குத் தலைமை ஏற்றவர். அவர் எழுதியதைப் படிக்காமல் பஞ்சாயத்து அத்தியாயத்தைத் தொடாதீர்கள். அங்கே பெண்ணின் சொல் மட்டுமா எடை குறைகிறது? எந்தத் தெருப் பெண் என்பதையும் பார்த்துத்தானே கேட்கிறார்கள்?

இதழ்களில் 'ஹைப்பேஷியா' மூத்தது, 1986 முதல் தனி இதழாக வருகிறது. 'ஃபெமினிஸ்ட் ஃபிலாசஃபி குவார்ட்டர்லி' 2015-இல் தொடங்கியது, யாரும் காசில்லாமல் படிக்கலாம். மாநாடு, பயண உதவி, வேலை அறிவிப்பு எல்லாம் லிவர்பூலிலிருந்து வரும் 'ஃபிலோஸ்-எல்' மெயிலில் பதிந்துகொண்டால் வந்துவிடும். வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று: உங்கள் தலைப்பு அறிவுக் கோட்பாட்டிலும் நேராக உட்காரும். அந்தப் பாடத்தையும் நடத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

அருள்மொழி எழுதியது:

மதுரையில் கல்லூரி ஆசிரியை. கோமதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எந்தச் சங்கமும் அம்மா வீடு ஆகிவிடாது. 2017-இல் ஹைப்பேஷியாவில் வந்த ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. எழுதியவர் நிரந்தர வேலை உறுதியாகாத இளம் ஆசிரியை. கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை, ஆனால் இதழுக்குள்ளேயே பிளவு வந்தது. இரு பக்கத்திலும் காயம்பட்டவர்கள் உண்டு. அதனால் பெரிய சங்கத்தோடு, மனம்விட்டுப் பேச இரண்டு மூன்று பேரையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும்போது இந்தியப் பெண்கள் ஆய்வுச் சங்கத்தின் மாநாடு இருந்தால் விடாதீர்கள். 1982 முதல் நடக்கும் சங்கம். தத்துவ மாநாட்டில் எனக்குக் கிடைக்காத கேள்விகள் அங்கேதான் கிடைத்தன. பஞ்சாயத்தை நேரில் பார்த்து எழுதுகிற சமூகவியல் பெண்களும் அங்கே வருவார்கள்.

நிலாமதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோமதி அக்கா, மணிமேகலையைப் பள்ளியில் படித்தும் இது எனக்குத் தோன்றவே இல்லையே! இரவெல்லாம் அதே யோசனை. ஒரு சந்தேகம். முன்பின் தெரியாத பேராசிரியைக்கு மெயிலில் என்ன எழுதுவது? மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். "மன்னிக்கவும், தொந்தரவு செய்கிறேன்" என்றே ஆரம்பிக்க வருகிறது.

கோமதி எழுதியது:

அந்த 'மன்னிக்கவும்' வேண்டாம். ஐந்து வரி போதும். நான் இன்னார், இங்கே முதல் வருடம். உங்களுடைய இந்தக் கட்டுரையின் இந்த வாதத்தை இப்படிப் புரிந்துகொண்டேன். என் ஊர் உதாரணத்தில் அது இந்த இடத்தில் இடிக்கிறது. இதைப் பேச அரைமணி நேரம் கிடைக்குமா? நன்றி. இவ்வளவுதான். முழு டிராஃப்டையும் முதல் மெயிலிலேயே அனுப்பாதீர்கள். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் மறுபடி ஒரு வரி நினைவூட்டலாம், அதில் தப்பே இல்லை.

நிலாமதி எழுதியது:

அக்கா, செவ்வாய் இரவு அனுப்பினேன். இன்று மதியம் பதில் வந்துவிட்டது! அரைமணி நேரம் தருகிறாராம். ஜூனில் ஒரு பட்டறை இருக்கிறது, முந்நூறு சொல்லில் சுருக்கம் அனுப்பு என்றும் சொல்லியிருக்கிறார். செமினாரில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களிடமும் பேசினேன். திங்கள் மாலை என் அறையில் சேர்ந்து ஃப்ரிக்கர் படிக்கிறோம். ரசம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

கோமதி எழுதியது:

அந்த முந்நூறு சொல்லை அனுப்புவதற்கு முன் எனக்கும் ஒரு பிரதி போடுங்கள். ஞாயிறு காலை பையனைக் கால்பந்துப் பயிற்சியில் விட்டுவிட்டுப் பென்சிலோடு உட்காருகிறேன்.