பழைய பிக்கப் பம்பரில் துருப்பிடித்து இறுகிய ஹிட்ச் பால்: எப்படிக் கழற்றுவது?

ஏரிக்கரை:
வண்டி 1994 ஃபோர்டு எஃப்-150, இரட்டை டேங்க். பின்பக்க ஸ்டெப் பம்பரிலேயே நேராகப் பூட்டிய 1 7/8 அங்குல ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு). படகு டிரெய்லரின் கப்ளருக்கு (பாலைக் கவ்வும் பூட்டு) 2 அங்குல பால் வேண்டும். பனிக்கு உப்புத் தூவும் மிச்சிகன் ரோட்டில் ஓடிய வண்டி என்பதால் நட்டும் வாசரும் ஒரே கட்டியாகக் கிடக்கிறது. ஸ்பேனர் போட்டால் நட்டோடு சேர்ந்து பாலும் சுற்றுகிறது. கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கலாமா? புதுசு போட்டபின் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யணும்?

துருவெட்டி:
டார்ச்சைத் தொடவே வேண்டாம். இரட்டை டேங்க் எஃப்-150இல் பின் டேங்க் ஆக்சிலுக்குப் பின்னால், பம்பருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் ஆவி, டிரெய்லர் வயரிங், நீங்கள் அடிக்கப்போகும் துரு இளக்கும் எண்ணெய் எல்லாமே தீப்பிடிக்கும் சரக்கு.

முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைப் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கவும். நட்டு இறங்கும் வழி அதுதான். அங்கே துரு இருந்தால் நட்டு பாதி வந்து மறுபடி இறுகும். பிறகு பிபி பிளாஸ்டர் மாதிரி துரு எண்ணெயை மேலிருந்தும் கீழிருந்தும் அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் இன்னொரு முறை அடிக்கவும்.

பால் சுற்றுவதற்கு: கழுத்தில் எதிரெதிரே இரண்டு தட்டை முகம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரிய ஸ்பேனரால் பிடிக்கலாம். இல்லாவிட்டால் பைப் ரெஞ்சை பால் மேலேயே கடிக்க விடுங்கள், எப்படியும் தூக்கிப்போடப்போகிற பால்தானே. பாலின் அடியில் இருக்கும் மரைத் தண்டு 3/4 அங்குலம் என்றால் நட்டு 1 1/8 அங்குலம், 1 அங்குலத் தண்டுக்கு 1 1/2. ஆறு முனை சாக்கெட்தான் போடணும், பன்னிரண்டு முனை போட்டால் துருவேறிய நட்டின் மூலை மழுங்கிவிடும். நீளமான பிரேக்கர் பார் வேண்டும். இம்பாக்ட் ரெஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது, அது தட்டித்தட்டிச் சுழற்றுவதால் பால் கூடவே சுற்றுவது குறையும்.

திசையில் பலர் ஏமாறுகிறார்கள். கீழே படுத்து நட்டைப் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். மேலே நின்று பார்ப்பவருக்கு அதுவே வலஞ்சுழி. தப்பான பக்கம் பலத்தைப் போட்டு இன்னும் இறுக்கிவிடாதீர்கள்.

ஏரிக்கரை:
நன்றி அண்ணா. தேய்த்துப் பார்த்ததில் தண்டு 3/4 அங்குலம், பம்பர் ஓட்டை 1 அங்குலம். நடுவில் வாசர் அடுக்கி ஒப்பேற்றியிருக்கிறார்கள். நட்டும் மூலை மழுங்கிப்போச்சு.

முறுக்குவிசை:
அந்த வாசர் அடுக்குதான் பெரிய கோளாறு. ஓட்டை தண்டைவிட 1/16 அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்டு முன்னும் பின்னும் ஆடி நட்டைத் தளர்த்தும், பம்பர் தகட்டையும் வளைக்கும். புஷ் (ஓட்டைக்குள் நுழைக்கும் வளையம்) போட்டு ஓட்டையைச் சிறிதாக்கலாம்தான், ஆனால் 1 அங்குல ஓட்டை இருக்கும்போது 1 அங்குலத் தண்டுள்ள 2 அங்குல பாலே வாங்குங்கள்.

மழுங்கிய நட்டுக்கு ஆங்கிள் கிரைண்டரும் வேண்டாம், டேங்க் பக்கம் பொறி பறக்கும். நட் ஸ்ப்ளிட்டரால் பிளக்கலாம், அல்லது கூரான உளியும் கனமான சுத்தியலும். நட்டு வந்த பிறகும் தண்டு ஓட்டையில் ஒட்டியிருந்தால் கீழிருந்து மேலே தட்டினால் வந்துவிடும்.

புது பால் உட்காரும் இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். பெயின்ட் அல்லது துரு அடியில் இருந்தால் கொஞ்ச நாளில் அது நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். புது ஸ்பிரிங் வாசர், அதன்மேல் நட்டு. இறுக்க வேண்டிய அளவு 3/4 அங்குலத் தண்டுக்கு வழக்கமாக 160 அடி-பவுண்டு, 1 அங்குலத்துக்கு 250, 1 1/4க்கு 450. பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. 250 என்றால் 4 அடிக் குழாயின் நுனியில் 62 பவுண்டுக்குச் சற்று மேல். சாதாரண ஸ்பேனரால் கை இறுக்கம் போட்டால் பாதிகூட வராது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பல ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டி இரவல் வாங்கலாம். இறுக்கியபின் தண்டின் மரை நட்டைத் தாண்டித் தெரியணும்.

துருவெட்டி:
மேலே சொன்னதோடு ஒன்று: மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடவும் பசை) தடவச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். இந்த அளவுகள் பொதுவாக உலர்ந்த மரைக்கானவை. வழுக்கும் மரையில் அதே 250 போட்டால் தண்டின் மேல் விழும் இழுவிசை எகிறிவிடும். உலர்வாக இறுக்கிவிட்டு, நட்டையும் வெளியே நீட்டும் மரையையும் ஃப்ளூயிட் ஃபிலிம் என்ற துரு தடுக்கும் ஸ்பிரே அடித்து மூடுங்கள். உப்பு சீசனுக்கு முன்னும் பின்னும் அடித்தால் போதும்.

பால் மேல் லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாக, விரலால் தடவினால் மினுங்குகிற அளவு. கட்டியாக அப்பினால் மணலைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி பாலையே அரைக்கும். அதனால் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் புதுசு. ரப்பர் மூடியை ஈரத்தோடு மாட்டி வைக்காதீர்கள். பாலில் தட்டையான தேய்மானம் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, கழுத்தில் விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடணும்.

முறுக்குவிசை:
கப்ளரைப் பூட்டியதும் டிரெய்லர் ஜாக்கால் நாக்கை (டிரெய்லரின் முன்நீட்டம்) தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பாலில் எவ்வளவு எடை பொறித்திருந்தாலும், பம்பரில் பொறித்த எடை அதைவிடக் குறைவென்றால் பம்பர் சொல்வதுதான் உச்சம். பம்பரை ஃபிரேமோடு சேர்க்கும் பிராக்கெட் துருவில் உதிர்ந்திருந்தால் அந்த எடை அளவையும் நம்பாதீர்கள், ஃபிரேமில் பூட்டும் 2 அங்குல ரிசீவருக்கு (பால் மவுன்ட் செருகும் சதுரக் குழாய்) மாறிவிடுங்கள்.