யாளி வாய் ரொட்டி அடுப்பு: களிமண்ணில் கட்ட யோசனை வேண்டும்

செம்மண்சாலை:

வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் நூலக வளாகத்தில், மே விடுமுறையில், பிள்ளைகளும் பெற்றோரும் இரண்டு சிற்பக் கலைஞர்களும் சேர்ந்து களிமண்ணால் ரொட்டி அடுப்பு கட்டப் போகிறோம். முன்பக்கம் யாளி முகம். திறந்த வாய்தான் அடுப்பின் வாசல். ஒரு தடவைக்கு ஆறேழு ரொட்டி வெந்தால் போதும். கண்மாய்க் களிமண் எடுக்க அனுமதி வாங்கிவிட்டோம். பக்கத்து வயலில் கரிசலும் கிடைக்கிறது. எது நல்லது? உள் அளவு, வாசல் அளவு எப்படிக் கணக்குப் போடுவது? புகைபோக்கி அவசியமா? யாளியின் மூக்கும் கோரைப்பல்லும் சூட்டில் கழன்று விழாதா? கொத்தனார், "மண்ணோட ஒரு பங்கு சிமெண்ட் போடுங்க, கல்லு கணக்கா நிக்கும்" என்கிறார். போடலாமா?

மண்சுவர்:

அடித்தளத்துக்குச் சிமெண்ட் போடுங்கள், தப்பில்லை. கூண்டுக்குள், அதாவது மேலே கவிழ்ந்து நிற்கும் களிமண் குவிமாடத்துக்குள், ஒரு பிடி கூட வேண்டாம். சிமெண்ட் தண்ணீரைத் தனக்குள் பிணைத்துக்கொண்டுதான் இறுகுகிறது. அடுப்பின் உள்முகம் 400 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் தண்ணீர் வெளியேறி, சிமெண்ட் பொரிந்து உதிரும். உதிர்வது ரொட்டியின் மேல்தான் விழும்.

கரிசலையும் விடுங்கள். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. கோடையில் வயல் பிளப்பதுபோலக் கூண்டும் பிளக்கும். கண்மாய்க் களிமண் சரி. பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பசை போதும்.

உள் அளவு: தரை விட்டம் 27 அங்குலம், நடு உயரம் 16 அங்குலம். ஏழு அங்குல வட்ட ரொட்டி ஏழு தாராளமாக அடங்கும். வாசல் உயரம் உள் உயரத்தில் 63 சதவீதம், அதாவது 10 அங்குலம். கனடாவில் கியூபெக் பகுதியின் பழைய களிமண் அடுப்புகளை அளந்தபோது கிடைத்த சராசரி அது. வாசல் அதைவிடத் தாழ்ந்தால் புகை திணறும், உயர்ந்தால் சூடு ஓடிவிடும். அகலம் 13 அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம். இந்த அளவுக்குப் புகைபோக்கி தேவையில்லை. குளிர்காற்று வாசலின் கீழ்ப்பாதியில் நுழையும், புகை மேல்பாதியில் வெளியேறும். யாளி வாயிலிருந்து புகை வருவது உங்களுக்கு வசதிதானே!

பீடம் நாலரை அடி விட்டம், இரண்டரை அடி உயரம். கருங்கல்லோ செங்கல்லோ எதுவும் ஆகலாம். அதன் மேல் சூடு கீழே இறங்காமல் ஒரு தடுப்பு வேண்டும். காலி கண்ணாடிப் பாட்டில்களை மூடி கழற்றிப் படுக்கவைத்து, இடைவெளியில் உமி கலந்த களிக்குழம்பை நிரப்புங்கள். (நம்மூரில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. நூலக வளாகம் என்பதால் லேபிளை மட்டும் சுரண்டிவிடுங்கள்.) அதற்கு மேல் களிமண்-மணல் கலவை 3 அங்குலம், பிறகு சலித்த மணல் 1 அங்குலம். அதில் தீச்செங்கல்லை (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்) சாந்து இல்லாமல் நெருக்கிப் பதித்து, மரச்சுத்தியால் தட்டி மட்டம் பாருங்கள். 25 முதல் 30 கல் போதும். தீச்செங்கல் கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த நாட்டுச் செங்கல் ஆகும். சாம்பல் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஆகாது. கல்லின் விளிம்பு ஒன்று தூக்கி நின்றாலும், ரொட்டியை உள்ளே தள்ளி எடுக்கும் ரொட்டிப் பலகை முட்டும்.

கூண்டுக்கு அச்சு ஈர மணல். தரைக்கல் மேல் குவித்து, 27-க்கு 16 அளவில் தட்டி வழித்து, நனைத்த செய்தித்தாளை இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். பிறகு மணலைத் தோண்டும்போது எங்கே நிறுத்துவது என்று காகிதம்தான் காட்டும்.

முதல் அடுக்கு 3 அங்குலக் கனம். பத்து லிட்டர் வாளிக் கணக்கில் களிமண் மூன்றரை, மணல் ஒன்பது. எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நல்லது, அதன் கூர்முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கடல் மணல் வேண்டாம். விகிதத்தை முன்கூட்டியே சோதியுங்கள்: 1:2, 1:2½, 1:3 என்று சிறு கட்டிகள் செய்து காயவையுங்கள். வெடிப்பது களி மிகுந்தது, தேய்த்தால் உதிர்வது மணல் மிகுந்தது. ஈரப்பதத்துக்கு, ஓர் உருண்டையை இடுப்புயரத்தில் இருந்து போடுங்கள். சப்பையாக விரிந்தால் தண்ணீர் கூடுதல், சிதறினால் குறைவு. இந்த அடுக்கில் வைக்கோல் கூடாது. எரிந்து போய் ஓட்டை விழும்.

பிள்ளைகள் மிதிக்கும் முன் மண்ணைக் கால் அங்குலச் சல்லடையில் சலியுங்கள். கண்மாய் மண்ணில் முள்ளும் பாட்டில் சில்லும் கட்டாயம் இருக்கும். வைக்கும்போது அச்சை நோக்கி அழுத்தினால் மணல் உருக்குலையும். ஒரு கையை வெளியே அணைகொடுத்து, மறு கையால் மேலிருந்து கீழாக அழுத்த வேண்டும். இந்த அடுக்கு ஒரே நாளில் முடியவேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொட்டால் இணைப்பு அப்படியே வளையமாகப் பிளக்கும்.

வேளார்தெரு:

யாளியைப் பற்றி. முதல் அடுக்கில் சிற்பத்தை ஒட்டாதீர்கள். அடுப்பு சூடாகும்போதெல்லாம் அது விரியும், ஆறும்போது சுருங்கும், மேலே ஒட்டியதெல்லாம் தெறிக்கும். அதன் மேல் 4 அங்குலத்துக்கு உமியும் களிக்குழம்பும் கலந்து அப்புங்கள். குழம்பு கெட்டித் தயிர் பதம்; உமி பதினாறு வாளியாவது ஆகும். சூடு வெளியே வராமல் தடுப்பது இந்த அடுக்குதான். இது காய்ந்த பிறகுதான் யாளி.

சிற்பக் கலவை: களிமண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு பங்கு. மூன்று நாளாவது புளிக்க விடுங்கள். வைக்கோல் இளகி மண்ணோடு இழையும். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, துதிக்கைக்கு மூங்கில் ஆப்பு வைத்து உமி அடுக்கில் இறக்குங்கள். ஆணியும் கம்பியும் வேண்டாம், இரும்பு மண்ணைவிட அதிகமாக விரிந்து சுற்றியுள்ளதைப் பிளக்கும். ஒட்டும் இடத்தைக் கீறி நனைத்துவிட்டு ஒட்டுங்கள்.

வாசல் விளிம்பில்தான் தீச்சுவாலை படும். அங்கே பச்சை மண்ணில் பல் வைத்தால் ஒரு மாதம் தாங்காது; ரொட்டிப் பலகை இடித்தே உடையும். குயவரிடம் சொல்லிப் பற்களைத் தனியாகச் செய்து சூளையில் சுட்டு வாங்குங்கள். பின்பக்கம் மூன்று அங்குலம் வால் விட்டு, வாசல் வளைவு கட்டும்போதே புதைத்துவிடுங்கள். மேல்வரிசை மட்டும் போதும். கீழ்வரிசைப் பல் ரொட்டிக்குக் குறுக்கே நிற்கும்.

எமல்ஷன், எனாமல் எதுவும் பூசாதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்புளித்து, மேல்பூச்சையும் சேர்த்து உரிக்கும். சுண்ணாம்பு வெள்ளை, காவி, கரித்தூள் மூன்றே நிறம் யாளிக்குப் போதும். சுண்ணாம்பு வேலை பெரியவர்களோடு நிற்கட்டும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. வளையல் துண்டு, ஓட்டுச் சில்லு பதிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முகத்தின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் பதிக்கட்டும், வாசலைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

செம்மண்சாலை:

மிக்க நன்றி. மே வெயிலில் வேகமாகக் காய்ந்துவிடும், அதனால் உடனே தீ மூட்டலாமா? கூரை கீற்றுக்கொட்டகை போடலாம் என்று பேச்சு.

மண்சுவர்:

வேகமாகக் காய்வதுதான் சிக்கல். வெளிப்பக்கம் சுருங்கி, உள்பக்கம் ஈரமாக இருந்தால் வெடிப்பு நிச்சயம். முதல் இரண்டு நாள் ஈரச் சாக்கு போர்த்துங்கள். விரலால் அழுத்திக் குழி விழாத பதம் வந்ததும் கத்தியால் வாசலை வெட்டி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுங்கள். ஒரு வாரம் நிழலில் காய்ந்த பிறகு சுள்ளித் தீ, ஒரு மணி நேரம், தினமும். கூண்டு வெளியே வியர்ப்பது நின்றதும் பெரிய தீ. அவசரப்பட்டால் உள்ளே ஆவி அடைபட்டு உள்முகம் செதில் செதிலாகப் பெயரும்.

நூல் வெடிப்பு எல்லா அடுப்பிலும் வரும், கவலை வேண்டாம். விரல் நுழையும் வெடிப்பானால் நனைத்து, அதே கலவையைத் திணியுங்கள்.

கீற்று வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும். தகரமோ ஓடோ, அடுப்பு வாயிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், சுற்றிலும் இரண்டடி நீட்டி வையுங்கள். ஐப்பசிச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். நனைந்த மண் அடுப்பு தானே கரைந்து பீடத்துக்கு வந்துவிடும்.

வடமராட்சி:

கட்டுறதைப் பற்றி எல்லாம் சொல்லிப்போட்டினம். நான் சுடுறதை மட்டும் சொல்லுறன். போறணையை, அதுதான் ரொட்டி அடுப்பை, இரண்டரை மூன்று மணித்தியாலம் எரிய விடுங்கோ. உங்கட பக்கம் சவுக்கு, சீமைக்கருவை கிடைக்கும், இரண்டும் திறம். பெயிண்ட் பட்ட பலகை, பிளைவுட் போடக்கூடாது. முதலில் உள்கூரை புகையில கறுக்கும். போதிய சூடு ஏறினவுடன கரி எரிஞ்சு வெளுக்கும். அதுதான் அடையாளம்.

தணலை முழுக்க வழிச்சு எடுத்து, ஈரச்சாக்குச் சுத்தின தடியால தரையைத் துடைச்சு, கதவைச் சாத்தி அரை மணித்தியாலம் விடுங்கோ. கதவு தடிச்ச பலகை, தண்ணியில ஊறினது. உடன பாணை (ரொட்டியை) வைச்சால் அடி கருகும், மேல் வேகாது. பிறகு ஒரு பிடி கோதுமை மாவைத் தரையில எறியுங்கோ. பத்துப் பதினைஞ்சு செக்கனில பழுப்பானால் சரி; உடன கறுத்தால் கதவைத் திறந்து இன்னும் ஆற விடுங்கோ. 450 கிராம் பாண் 30, 35 நிமிசத்தில வேகும். முதல் இருபது நிமிசம் கதவைத் திறக்கக் கூடாது, மாவிலிருந்து வாற ஆவி உள்ளே நிண்டால்தான் மேல்தோல் நல்லா வரும். பாணுக்குப் பிறகு பணிஸ் (பன்), அதுக்குப் பிறகு நிலக்கடலை வறுக்கலாம். ராத்திரி வெறும் போறணைக்குள்ள அடுத்த தடவைக்கான விறகை அடுக்கி வையுங்கோ, காலையில நல்லாக் காய்ஞ்சிருக்கும். ஒரு தணலும் மிஞ்சேல்ல எண்டு பார்த்துட்டு அடுக்குங்கோ.