கால் மெஷினில் துணிக்கு அடியில் நூல் சுருள்கிறது, உதவுங்கள்

பிள்ளைகள் பிறந்த பிறகு மூடி வைத்திருந்த தையல் மெஷினைப் போன மாதம்தான் மறுபடி திறந்தேன். அம்மாவின் பழைய கறுப்பு கால் மெஷின், நேர்த்தையல் மட்டும், அடிநூல் சுற்றும் பாபின் வட்டமானது. மேலே தையல் அழகாக விழுகிறது. துணியைத் திருப்பினால் அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. காட்டனிலும் சரி, பாலியஸ்டரிலும் சரி, இதேதான்.

புது 16-ஆம் நம்பர் ஊசி போட்டேன். எண்ணெய் விட்டு, பாபின் உட்காரும் ஷட்டிலைக் கழற்றிப் பஞ்சை எடுத்தேன். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்து நூலை மறுபடி கோத்தேன். அப்புறம் மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகை முழுக்க இறுக்கியும், ஃபுட் இறங்கியிருக்கும்போதே நூலை இழுத்தால் தடையில்லாமல் வருகிறது. நூலை நடுவில் அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மேல்தான் எனக்குச் சந்தேகம். தென்காசிப் பக்கம் கிராமம், மெக்கானிக் கிடைக்கவில்லை. பொங்கலுக்குள் மகளுக்குப் பாவாடை தைத்துவிட வேண்டும்.

டென்ஷன் செட்டை மட்டும் புதிதாக வாங்கி நானே மாற்றினால் சரியாகுமா?