ஊர்வன கைமாறிய அந்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

தாடிஓணான்:

என் பியர்டட் டிராகனை, அதாவது கழுத்தில் தாடி மாதிரித் தோல் உள்ள ஓணானை, வேறு வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. வேலை மாறியது, பகல் முழுக்க வீட்டில் ஆளில்லை, அந்தக் கதையை அதோடு விடுகிறேன். விளம்பரத்துக்கு வந்த செய்திகளில் பாதி 'கடிக்குமா?', மீதி 'கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?'. சலித்து எடுத்ததில் இரண்டு பேர் தேறினார்கள்.

முதலில் வந்தவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், கலகலப்பானவர். வந்ததும் வராததுமாகத் தொட்டிக்குள் மேலிருந்து கையை விட்டார். மேலிருந்து எது வந்தாலும் அவனுக்கு அது பருந்துதான். ஒரே நொடியில் தாடி உப்பிக் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. 'ஆள் கோபக்காரன் போல' என்று சிரித்தார். தொட்டி தயாரா என்று கேட்டேன். தயார், பல்புகூடப் போட்டாச்சு என்று படத்தைக் காட்டினார். சிவப்பு பல்பு ஒன்று, கீழே மணல். எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு இல்லை. சொன்னேன். 'அதையும் வாங்கிட்டா போச்சு' என்றார்.

இதற்குள் அந்தப் பெண் கண்ணாடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தாடி வெளுத்தது. அவன் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஒரு சுற்று சுற்றினான். அவளும் கையைத் தூக்கி அதே வேகத்தில் சுற்றினாள். அது வணக்கம் இல்லை, 'நான் சின்னவன், என்னை விட்டுவிடு' என்கிற அடங்கல் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி 'நாங்க இவனுக்குப் பேர் வச்சாச்சு' என்றாள்.

மறுநாள் வந்த பையன் டிராகனைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்த்தான். 'இது எப்ப மாத்தினதுண்ணா?' வெளிச்சம் கண்ணுக்கு அப்படியே இருக்கும், ஆனால் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடத்தில் யூவிபி குறைந்துவிடும் என்று தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. அவனுக்குத்தான் கொடுத்தேன். வெயில் காயும் கல்லில் 40 டிகிரி என்று வெப்பமானியோடு படம் எடுத்து அனுப்புகிறான். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. இருந்தும் அந்தப் பெண் கையைச் சுற்றியது கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீங்களாக இருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்?

குளிர்ரத்தம்:

இரண்டாவது ஆளுக்குத்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பியர்டட் டிராகன் 10 முதல் 15 வருடம் இருக்கும். அந்தக் குழந்தை படிப்புக்காக வெளியூர் போனால் தொட்டி யார் தலையில் விடியும்? அப்பா தலையில். அந்த அப்பாதான் யூவிபி இல்லாமல் மணலைக் கொட்டி வைத்திருக்கிறவர். உடம்பில் கால்சியம் சேராமல் தாடை மெத்தென்று ஆகி, கால் வளைந்து, ஒருநாள் நடக்க முடியாமல் கிடக்கும்போது அந்தப் பெண் அதையும் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருப்பாள்?

நான் ஒரு கார்ன் ஸ்நேக்கைக் கொடுத்தேன். வாங்கியவர் வீட்டில் மூடி சரியில்லாமல் தப்பித்துச் சுவருக்குள் போய்விட்டது. மீட்டு எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள், இன்னும் இங்கேதான் இருக்கிறது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே படிக்கிறவர்களுக்காகச் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இலவசம் என்று போடாதீர்கள். சும்மா கிடைக்கிறது என்றால் அந்த நிமிடத்து ஆசையில் வருகிறவர்களும், வாங்கி மறுநாளே விற்கிறவர்களும், பெரிய பாம்புக்கு இரை தேடுகிறவர்களும் வந்து நிற்பார்கள். தொட்டியின் படம் மட்டும் போதாது. விளக்கு எரியும்போது சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டிலும் வெப்பமானி வைத்து எடுத்த படம் கேளுங்கள். பழைய தொட்டியையே சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, பிராணிக்கு வீடு மாறினாலும் ஒளியும் மூலை மாறாது. எடை, கடைசியாகத் தின்றது, கழிந்தது, சட்டை உரித்தது, மருத்துவரிடம் காட்டியது எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாம்பு என்றால் இரை கொடுத்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், வயிற்றில் இரையோடு வண்டியில் குலுக்கினால் கக்கிவிடும். துணிப்பையில் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றுத்துளை உள்ள டப்பாவுக்குள் வையுங்கள். முதல் வாரம் கையில் எடுக்கவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், அந்த இனத்தை வைத்திருக்கவோ கைமாற்றவோ உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதி கேட்கிறதா என்பதை விளம்பரம் போடுவதற்கு முன்பே பாருங்கள். வாங்க ஆள் வந்து நிற்கும்போது பார்த்துப் பயனில்லை.

கொழுத்தவால்:

குளிர்ரத்தம் சகோ, கொடுப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள், வாங்குகிறவன் பக்கம் ஒரு வரி இல்லையே. தனிமைப்படுத்தல் என்ற சொல்லே வரவில்லை.

நான் வாங்கியது லெப்பர்ட் கெக்கோ. கொடுத்தவர் டப்பாவைத் திறந்து 'எப்படி, ஸ்லிம்மா இருக்கான்ல?' என்றார். பெருமையாகத்தான் சொன்னார். இந்தப் பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில். கழுத்தளவுக்காவது வால் தடித்திருக்க வேண்டும். இவனுக்குப் பென்சில் மாதிரி இருந்தது. 'நல்லாத்தான் தின்றான், உடம்புல ஒட்டமாட்டேங்குது' என்றார். தின்றும் இளைக்கிறான் என்றால் தின்றது எங்கே போகிறது?

வீட்டில் தனி அறை, கீழே டிஷ்யூ காகிதம், தனி இடுக்கி. மற்றவர்களுக்கெல்லாம் தீனி வைத்துவிட்டுக் கடைசியில்தான் அவன் பக்கம் போவேன். எச்சத்தைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினேன். கிரிப்டோ என்று வந்தது. கெக்கோவுக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்கிற இந்தக் குடல் ஒட்டுண்ணி வந்தால் அதை முழுதாக ஒழிக்கிற நம்பகமான மருந்து கிடையாது. வழக்கமாகப் போடும் ப்ளீச்சுக்கும் அது சாகாது. நாளுக்கு நாள் எலும்பு தெரிய ஆரம்பித்ததும், இனி வதைக்க வேண்டாம் என்று மருத்துவர் ஊசி போட்டுவிட்டார். வீட்டில் இருந்த மற்ற கெக்கோக்கள் தப்பியது அந்தத் தனி அறையால்தான்.

கொடுத்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவரிடம் அதே அலமாரியில் இன்னும் கெக்கோக்கள் இருந்தன. சோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். 'எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தான்' என்று ஒரு வரி வந்தது, அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அவரிடம் இருக்கிறவற்றின் வால் இப்போது எப்படி இருக்கிறது என்று நான் யாரிடம் கேட்பது?

ஓட்டுவீடு:

உங்களுக்காவது இரண்டு பேர் வந்தார்கள். என் சிவப்புக்காது ஆமைக்கு ஒரு ஆள் வரவில்லை. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும், வளர்ந்த பெட்டை 25, 30 செ.மீ. வரும், அதற்கேற்ற தண்ணீரும் வடிகட்டியும் யார் வீட்டில் இருக்கிறது? காப்பகங்களுக்குப் பேசினால் 'சிவப்புக்காதா...' என்று ஒரு இழுவை. ஒரு காப்பகத்தில் உள்ளேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் தொட்டிகள், எட்டிப் பார்த்த எல்லாத் தலையிலும் அதே சிவப்புக் கோடு. 'எந்தத் தொட்டியில விடட்டும், நீங்களே சொல்லுங்க' என்றார் அங்கிருந்த அம்மா.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஏதாவது குளத்தில் விட்டுவிடு, சுதந்திரமாக இருக்கும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இருக்கிற ஆமையை! இது அந்த ஊர் ஆமைகளோடு தீனிக்குப் போட்டி போடும், அவை வெயில் காயும் கட்டையையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது சும்மா இல்லை.

கடைசியில், ஏறித் தப்ப முடியாத வேலியோடு சொந்தக் குளம் வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். அவர் கரையில் குந்தி உட்கார்ந்தார், அவ்வளவுதான், கழுத்தை நீட்டி முன்னங்கால் இரண்டையும் அடித்துக்கொண்டு அவரைப் பார்த்து நேராக வந்தாள். என்னிடம் வருவது போலவே. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் இவள் என்னைத் தெரிந்துதான் வருகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குளிர்ரத்தம்:

ஆமைக்கு உங்களைத் தெரியாது, தீனி டப்பாவைத் தெரியும். புது இடத்தில் பசியெடுத்து வருகிறாள் என்றால் நல்ல செய்திதானே. சிறு ஆமை விற்பனையையே எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா கிருமி தொற்றியதால் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975இலேயே தடை போட்டார்கள். கொழுத்தவால் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் 90 நாள் தனியாக வைப்பேன், எழுத விட்டுப்போயிற்று.

உரித்தசட்டை:

'தெரியாது' என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? வேறு ஆள் கைக்குப் போனால் என் பாம்பு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கிற வேகமே வேறு. சரி, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

என்னுடையது பால் பைதான் (ball python) என்கிற சிறு மலைப்பாம்பு. வளர்த்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவி தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியமே 'எனக்குப் பாம்பைக் கண்டாலே ஆகாதும்மா' என்பதுதான். போனபோது ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். எந்தத் தேதியில் எத்தனை கிராம் எலி, தின்றதா, எப்போது சட்டை உரித்தது என்று பக்கம் பக்கமாக. நடுவில் ஓர் இடத்தில் கையெழுத்து மாறியது. அதன்பின் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. எப்படித் தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். செய்தே காட்டினார். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, நீள இடுக்கியில் பிடித்து, மூடியை ஒரு கையால் தூக்கி, முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். கிளம்பும்போது ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறீர்களா என்றேன். 'ஐயோ, வேண்டாம். பிடிக்காதுன்னா பிடிக்காதுதான். அதுக்காகப் பட்டினி போட முடியுமா?'

என் வீட்டுக்கு வந்தவன் மாதக்கணக்கில் இரையைத் தொடவில்லை. பால் பைதான் அப்படித்தான், எடை விழாதவரை பயமில்லை என்று நமக்குத் தெரியும். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? 'சாப்பிட்டானா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் 'எங்கிட்ட சாப்பிட்டானே' என்றார். குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவரே பரணில் தேடி, அவன் பழைய மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அதை வைத்த வாரமே எலியை எடுத்தான். பெட்டியாலா, பசிக்கு நேரம் வந்ததாலா, இரண்டும் இருக்கலாம். அவரிடம் பெட்டியால்தான் என்றேன்.

இந்தப் பாம்பு 20, 30 வருடம் சாதாரணமாக இருக்கும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயது தாண்டிய ஒன்று, பல வருடமாக ஆண் துணையே இல்லாமல், 2020இல் முட்டையிட்டது. நமக்குப் பிறகு யார் என்று இப்போதே ஒரு ஆளிடம் பேசி வையுங்கள்.

கேள்விக்குறி:

தாடிஓணான், பகலில் ஆளில்லை என்று டிராகனைக் கொடுத்தீர்கள், சரி. ஆனால் கிரெஸ்டட் கெக்கோவுக்கு உயரமான தொட்டி கிடைக்குமா என்று கேட்டு எழுதியதும் நீங்கள்தானே? ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றா?

தாடிஓணான்:

நான்தான். டிராகனுக்குப் பகல் வேண்டும், பச்சை இலை நறுக்க வேண்டும், வெளியே உலாவ விட வேண்டும். கிரெஸ்டட் கெக்கோ நான் வேலையிலிருந்து வந்தபின்தான் கண்ணே திறக்கும். 22 முதல் 26 டிகிரி போதும், பொடித் தீனியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் நக்கிக்கொள்ளும். அழிந்துபோனது என்று நினைத்திருந்த இனம், 1994இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் மறுபடி கண்டுபிடித்தார்கள் என்று படித்ததிலிருந்தே ஓர் ஆசையும் உண்டு, மறைக்கவில்லை.

நீங்கள் கேட்டதையே அதைக் கொடுத்த அம்மாவும் கேட்டார். ஈரப்பதம், தீனி, மருத்துவர் எல்லாம் கேட்டு முடித்தபின், 'இதுக்கு முன்னால வச்சிருந்தது என்ன ஆச்சு?' என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பையனின் எண்ணைக் கேட்டார். என் எதிரிலேயே அவனைக் கூப்பிட்டு, என்னை வெளியில் நிற்கச் சொன்னார். வாசலில் நின்றபோது உள்ளே 'எடை எவ்வளவு இருந்துச்சு, கொடுக்கும்போது?' என்று கேட்பது காதில் விழுந்தது. கோபமும் வந்தது, நான் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லையே என்றும் தோன்றியது. திரும்பக் கூப்பிட்டு, 'இவனுக்கு வால் இல்லை, இனி முளைக்கவும் முளைக்காது, பரவாயில்லையா?' என்றார். அதுதான் சம்மதம் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

கொழுத்தவால்:

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. எச்சச் சோதனை கொடுத்தீர்களா?

தாடிஓணான்:

கொடுத்தாச்சு, முதல் முடிவில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஒரு சந்தேகம்: காலையில் பார்த்தால் கிண்ணம் வைத்தபடியே இருக்கிறது, ஆனால் எச்சம் கிடக்கிறது. தின்கிறானா இல்லையா?

உரித்தசட்டை:

எச்சம் புதிதாக வந்துகொண்டிருந்தால் தின்கிறான். இவை நக்குவது அவ்வளவு கொஞ்சம். சந்தேகமாக இருந்தால் ஒரே அளவில் இரண்டு கிண்ணம் குழைத்து எடை போட்டு, ஒன்றை அவன் வாய் படாதபடி வலையால் மூடி அதே தொட்டியில் வையுங்கள். காலையில் இரண்டையும் எடை போட்டால் காய்ந்தது எவ்வளவு, நக்கியது எவ்வளவு என்று தெரியும். கிராமில் பின்னம் காட்டும் தராசு வேண்டும், சமையல் தராசு சரிவராது.